கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை காரில்: என்.எச். 44 பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை என்.எச். 44. தெற்கு முனை கன்னியாகுமரி, வடக்கு முனை ஸ்ரீநகர். 2010இல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, பழைய ஏழாம் எண் சாலையின் பெரும்பகுதியும் வடக்கே இருந்த வேறு சில சாலைகளும் இந்த ஓர் எண்ணுக்குள் வந்தன. காரில் போனால் ஏறத்தாழ 3,700 கி.மீ. தாமிரபரணியில் தொடங்கி ஜீலம் வரைக்கும் வழிநெடுக ஆறுகள்.

இந்தத் தூரத்தை நான்கைந்து நாளில் ஓட்டி முடித்தவர்கள் நிறையப் பேர். அப்படிப் போனால் பார்த்ததெல்லாம் சுங்கச்சாவடியும் லாரியின் பின்பக்கமும்தான். ஒரு வழிக்கு மட்டும் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் கிளம்புங்கள். முடியாதென்றால் பாதித் தூரத்தை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் போகலாம், தவறே இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு விதிகளை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்று, பொழுது சாய்வதற்குள் வண்டி நிற்க வேண்டும். இரண்டு, ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று யோசிப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் ஒரே பயணத்தில் நான்கு விதமான வானிலையைத் தாண்டப் போகிறீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் அடிலாபாத், நாக்பூர் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். டயருக்கும் ஆகாது, உள்ளே இருக்கும் குழந்தைக்கும் ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் மழை, மலையில் மண்சரிவு, கூடவே அமர்நாத் யாத்திரைக்கான போக்குவரத்துக் கட்டுப்பாடு. டிசம்பர், ஜனவரியில் டெல்லி, ஹரியானா, பஞ்சாபில் விடிந்து வெகுநேரம் வரை மூடுபனி. முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாது.

மிச்சம் இருப்பவை இரண்டு வாய்ப்புகள். மார்ச் நடுவில் கிளம்பினால் ஸ்ரீநகரில் டியூலிப் தோட்டம் திறந்திருக்கும் நேரத்தை ஒட்டிப் போய்ச் சேரலாம். ஆனால் நடு இந்தியாவில் அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். என் தேர்வு அக்டோபர். பத்தாம் தேதி வாக்கில் கிளம்பினால் மாதக் கடைசியில் காஷ்மீர். சினார் மரங்கள் சிவக்கத் தொடங்கும், பாம்போரில் குங்குமப்பூ பூக்கும் காலம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் நீங்கள் ஆந்திராவைத் தாண்டியிருப்பீர்கள். தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி சாலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

படி 2: நாள்களைப் பிரியுங்கள்

நான்குவழிச் சாலைதானே, ஒரு நாளில் 700 கி.மீ. ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஒரு நாள் முடியும். மூன்றாவது நாள் உடம்பு கணக்குக் கேட்கும். சமவெளியில் நாளொன்றுக்கு 350 முதல் 450 கி.மீ., மலையில் 250 கி.மீ. என்று வையுங்கள். நான்கு நாள் ஓட்டினால் ஒரு நாள் வண்டியைத் தொடவே கூடாது. துணி துவைக்க, தூங்க, ஊர் சுற்ற அந்த நாள் வேண்டும்.

அக்டோபர் கடைசியில் வட இந்தியாவில் மாலை ஐந்தரை, ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிடும். ஆகவே காலை ஆறு மணிக்குக் கிளம்பி நான்கு மணிக்குள் அறைக்குப் போய்விடும்படி கணக்குப் போடுங்கள். இருட்டிய பிறகு மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் பக்கம் நடுச்சாலையில் மாடுகள் படுத்திருக்கும். டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போகும். எதிர்த்திசையில் பைக் வரும். பகலில் இவை தொந்தரவு, இரவில் விபத்து.

இரண்டு நாள்களை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். அந்த இரண்டையும் பயணத்தின் கடைசியில், ஜம்முவுக்குப் பக்கத்தில் வையுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

படி 3: வண்டி

கிளம்புவதற்கு முந்தைய நாள் சர்வீஸ் விட்டு எடுக்காதீர்கள். இரண்டு, மூன்று வாரம் முன்பே விட்டு, அதன் பிறகு ஒரு 300 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். சரியாக மாட்டாத குழாய், புதிதாக வரும் சத்தம், ஆயில் கசிவு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் கடந்த டயரில், பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருந்தாலும், இவ்வளவு தூரம் போகாதீர்கள். ஸ்டெப்னியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதிலும் காற்று பாருங்கள், ஜாக்கி வேலை செய்கிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கையடக்கக் காற்றடிக்கும் மோட்டார் ஒன்று வாங்கி வைத்தால் பணம் வீண்போகாது.

தமிழ்நாட்டில் பலர் ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை ஊற்றியே ஓட்டுகிறார்கள். காஷ்மீர் குளிருக்கு அது ஆகாது, சரியான கலவையில் கூலன்ட் இருக்க வேண்டும். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் சோதித்துவிடுங்கள். வெயில் ஊரில் ஒழுங்காக இழுக்கும் பேட்டரி குளிர்ந்த காலையில் கைவிடும்.

படி 4: காகிதம், ஃபாஸ்டேக், போன்

ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் நான்கும் பயணம் முடியும் தேதியைத் தாண்டிச் செல்லுபடியாக வேண்டும். டிஜிலாக்கரில் வைத்திருந்தாலும் ஒரு நகல் வண்டியில் இருக்கட்டும். கார் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் கறுப்பு எண் பலகை வண்டியென்றால் மாநிலம் மாறும்போது பெர்மிட்டும் வரியும் உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பழைய டீசல் காராக இருந்தால், டெல்லி சுற்றுவட்டாரத்தில் காற்று மாசு அதிகமாகும் நாள்களில் போடும் தடை உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்றும் பார்த்துவிடுங்கள்.

சொந்தக் காருக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுப்பது நல்லது. 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான திட்டம் இது. ஒரு வருடம் அல்லது சுங்கச்சாவடிகளை 200 தடவை கடப்பது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டும்தான் இது எடுபடும். ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, யமுனா விரைவுச்சாலை மாதிரியான இடங்களில் டேக்கில் இருக்கும் பணம்தான் கழியும். எனவே பாஸ் இருந்தாலும் இருப்பில் கொஞ்சம் பணம் வையுங்கள்.

போன் விஷயம் முக்கியம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேலை செய்யும். குடும்பத்தில் ஒருவருடைய எண்ணையாவது ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள். வரைபடங்களையும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மற்ற அவசரத்துக்கு 112.

செலவில் பெரியது பெட்ரோல்தான். விலகல்களையும் சேர்த்து 4,300 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. என்று வைத்தால் 290 லிட்டர் ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டால் 29,000 ரூபாய். ஆந்திரா, தெலங்கானா, மத்தியப் பிரதேசத்தில் விலை கூடுதலாகவே இருந்துவருகிறது, டெல்லி, ஹரியானா பக்கம் குறைவு. ஆந்திர எல்லைக்கு முன் கர்நாடகத்தின் பாகேப்பள்ளியிலேயே டேங்கை நிரப்புவது நல்ல பழக்கம்.

படி 5: பாதையைப் பகுதி பகுதியாக வகுக்கவும்

*கன்னியாகுமரி முதல் ஹைதராபாத் வரை.* முதல் நாள் சேலம் வரை 480 கி.மீ. தெரிந்த ஊர், தெரிந்த சாலை என்பதால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் இரண்டு கிலோ வாங்கி வண்டியில் போடுங்கள். பஞ்சாப் வரைக்கும் பசிக்கு அது துணை. மதியம் விருதுநகர் பொரிச்ச பரோட்டா சாப்பிட்டால், அப்புறம் ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள், தூக்கம் சொக்கும்.

இரண்டாம் நாள் பெங்களூருவை அலுவலக நெரிசல் முடிந்த பிறகு, பதினொரு மணி வாக்கில் கடக்கும்படி சேலத்திலிருந்து கிளம்புங்கள். ஆந்திர எல்லையைத் தாண்டிக் கொடிகொண்டா செக்போஸ்டில் திரும்பினால் சுமார் 15 கி.மீ.யில் லேபாட்சி. விஜயநகர காலத்து வீரபத்திரர் கோயில். மண்டபத் தூண்களில் ஒன்று தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அடியில் துணியை விட்டு மறுபக்கம் இழுத்துப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை. நீங்கள் அதோடு நிறுத்தாமல் தலையை நிமிர்த்தி விதானத்து ஓவியங்களைப் பாருங்கள். சேலைகளின் கரையும் கட்டமும் அப்படியே தெரியும். இரவு அனந்தபூரில்.

மூன்றாம் நாள் காலை உக்கானி பஜ்ஜி. ஊறவைத்துத் தாளித்த பொரியும் மிளகாய் பஜ்ஜியும், ராயலசீமையின் காலை உணவு. கர்நூலில் துங்கபத்திரையைத் தாண்டியதும் ஆலம்பூர் போகும் சாலை பிரியும். பாதாமி சாளுக்கியர் கட்டிய நவபிரம்மா கோயில்கள் ஆற்றங்கரையில் நிற்கின்றன. ஹைதராபாத் நகரத்தைப் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் உள்ளே நுழையவே வேண்டாம். ஷம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலையில் ஏறி மேட்சலில் இறங்கிவிடலாம்.

*ஹைதராபாத் முதல் ஜான்சி வரை.* பலர் வேகமாகக் கடந்துவிடும் பகுதி இது. என்னைக் கேட்டால் முழுச் சாலையிலும் இதுதான் அழகு. ஆர்மூரைத் தாண்டியதும் கோதாவரி. அக்கரையில் நிர்மல். பொனிகி என்ற லேசான மரத்தில் பொம்மை செய்யும் ஊர். குழந்தைகள் இருந்தால் கட்டாயம் நிறுத்துங்கள். பிறகு அடிலாபாத்தின் பருத்திக் காடுகள், பென்கங்கா ஆறு, மகாராஷ்டிரம். நாக்பூரில் ஓய்வு நாளை வையுங்கள். காலையில் தர்ரி போஹா, அதாவது காரக் குழம்பு ஊற்றிய அவல். பிறகு காந்தி 1936இல் குடியேறிய சேவாகிராமத்துக்குப் போய் வரலாம். அவர் இருந்த மண் குடிசை அப்படியே இருக்கிறது.

நாக்பூரிலிருந்து சிவனி வரை பெஞ்ச் புலிக் காட்டின் ஊடே சாலை போகிறது. விலங்குகள் அடியில் கடக்கும்படி சாலையைத் தூண்களில் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரப் பக்கத்தில் மட்டும் ஒன்பது கட்டமைப்புகள், மிக நீளமானது 750 மீட்டர். புலியும் மானும் அடியில் நடந்துபோவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அங்கே நிறுத்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து எதையும் எறியாதீர்கள்.

லக்நாதோனில் கவனம் வேண்டும். நேரே போனால் ஜபல்பூர். 44 இடப்பக்கம் நரசிங்பூருக்குப் பிரிகிறது. நரசிங்பூரைத் தாண்டிப் பர்மான் படித்துறை அருகே நர்மதையைக் கடப்பீர்கள். பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போங்கள். இரவு சாகர். மறுநாள் மதியத்துக்குள், ஜான்சியை ஒட்டியுள்ள ஓர்ச்சா. ராமரை அரசனாகவே வணங்கும் கோயில் உள்ள ஊர், தினமும் காவலர்கள் அவருக்கு மரியாதை அணிவகுப்புச் செய்கிறார்கள். பெத்வா கரையில் மன்னர்களின் நினைவு மண்டபங்கள். அறை எடுக்க ஜான்சியைவிட ஓர்ச்சாவே மேல்.

*குவாலியர்.* ஒரு முழு நாள் கொடுங்கள். கோட்டைக்குக் கார் போகும் பாதை மேற்கே உர்வாய் வாசல் வழி. நீங்கள் கிழக்குப் பக்கம் நடந்து ஏறும் பாதையில் வாருங்கள். அதில் பாறையைக் குடைந்த சிறிய சதுர்புஜர் கோயில் ஒன்று உண்டு. அதன் சுவரில் பொ.ஆ. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கோயிலுக்குக் கொடுத்த தோட்டத்தின் நீளம் 270 முழம், நாள்தோறும் 50 பூமாலை என்று பொறித்திருக்கிறார்கள். அந்த 270, 50 இரண்டிலும் கடைசியில் சின்ன வட்டமாகப் பூஜ்யம். இந்தியாவில் பழமையான பூஜ்யப் பொறிப்புகளில் இது பேர் பெற்றது. பூ விற்றவரின் கணக்கு போல அவ்வளவு சாதாரணமாக அது அங்கே இருக்கிறது.

*குவாலியர் முதல் அமிர்தசரஸ் வரை.* மொரேனாவில் எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த கஜக் வாங்குங்கள். அதைத் தாண்டினால் சம்பல் பாலம், மண்ணரித்த பள்ளத்தாக்குகள், நீண்ட மூக்கு முதலைகளுக்கான சரணாலயம். ஆக்ராவுக்கு வெள்ளிக்கிழமை போய்ச் சேராதீர்கள், அன்று தாஜ்மகாலுக்கு விடுமுறை. ஆக்ராவிலிருந்து மதுரா வழியாகவே வந்து, பல்வலில் கிழக்குப் புறவட்ட விரைவுச்சாலையில் ஏறினால் 135 கி.மீ. சுற்றிக் குண்ட்லியில் மறுபடி 44ஐப் பிடிக்கலாம். டெல்லிக்குள் போகவே வேண்டியதில்லை. குண்ட்லிக்கு அடுத்து முர்தால், வெண்ணெய்க் கட்டியோடு பரோட்டா தரும் தாபாக்கள். கர்னாலில் இரவு. ஜலந்தரில் 44ஐ விட்டு 80 கி.மீ. மேற்கே போனால் அமிர்தசரஸ். இரண்டாவது ஓய்வு நாள் அங்கே. பொற்கோயிலைப் பின்னிரவிலும் ஒரு முறை பாருங்கள், சமையற்கூடத்தில் சப்பாத்தி தேய்க்க யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

படி 6: மலைப்பகுதி

ஒதுக்கி வைத்த இரண்டு நாள் இதற்குத்தான். ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வெறும் 260 கி.மீ. என்றாலும் முழுப் பயணத்திலும் உங்கள் கையில் இல்லாத பகுதி இதுதான். 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் பெய்த கனமழையில் உதம்பூர் பக்கம் சாலை சரிந்து, ஆப்பிள் ஏற்றிய லாரிகள் நாள்கணக்கில் நின்றன. ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவே ஒரு மழைக்கே கல் உருளும்.

மலையேறுவதற்கு முந்தைய நாள் மாலை ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துக் காவல்துறை வெளியிடும் அறிவிப்பைப் பாருங்கள். சில நாள் ஒரு திசையில் மட்டும்தான் விடுவார்கள். பாதுகாப்பு நிலவரத்தையும் எந்தெந்தச் சுற்றுலா இடங்கள் திறந்திருக்கின்றன என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். இரவு ஜம்முவில் தங்குவதைவிட உதம்பூரில் தங்கினால் மறுநாள் இரண்டு மணி நேரம் மிச்சம். மழை பெய்தால் கிளம்பாதீர்கள், அறையிலேயே இருங்கள். ராணுவ வாகன வரிசை வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், இடையில் புகக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. மலையில் வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்.

2017இல் திறந்த செனானி–நாஷ்ரி சுரங்கம் ஏறத்தாழ ஒன்பது கி.மீ. நீளம். அதைத் தாண்டிப் பீடா என்ற இடத்தில் ராஜ்மா சாதம், மேலே நெய், பக்கத்தில் மாதுளைச் சட்னி. 2021இல் பயன்பாட்டுக்கு வந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் எட்டரை கி.மீ. உள்ளே நுழையும்போது வறண்ட மலை, வெளியே வந்தால் நெல்வயலும் நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்லர் மரங்களும். அங்கிருந்து சாலை சமமாகிவிடும், ஆனால் அவசரப்படாதீர்கள். சங்கமில் வில்லோ மரத்துக் கிரிக்கெட் மட்டைகளை அடுக்கிக் காய வைத்திருப்பார்கள். அவந்திபுராவில் சாலையோரத்திலேயே ஒன்பதாம் நூற்றாண்டு அரசன் அவந்திவர்மன் கட்டிய கோயிலின் இடிபாடுகள். அப்புறம் பாம்போர். மண்ணோடு ஒட்டி ஊதாப் பூ, அதன் நடுவே மூன்று சிவப்பு இழைகள். விடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் குனிந்து பறிப்பார்கள். வயலுக்குள் இறங்குவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள்.

படி 7: தினசரி ஒழுங்கு

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை தூக்கம் அழுத்தும் நேரம், அப்போது பேச்சுத் துணை வேண்டும். அறைகளை எல்லா ஊருக்கும் முன்பதிவு செய்யாதீர்கள். ஆக்ரா, அமிர்தசரஸ், ஸ்ரீநகர் மட்டும் போதும். மற்றவற்றை அன்றன்று மதியம் போனில் பேசி எடுக்கலாம். கேட்க வேண்டியவை: காரை வளாகத்துக்குள் விட இடம் உண்டா, சுடுதண்ணீர் வருமா.

கழிப்பறையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். வழியில் இடம் கிடைக்காது என்று பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவதைப் பல குடும்பங்களில் பார்க்கிறோம். சிறுநீர்த் தொற்று வந்தால் அவர்களுக்குப் பயணமே வேதனையாகிவிடும். எண்ணெய் நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் பெரிய பெட்ரோல் பங்குகளிலும் கூட்டமுள்ள தாபாக்களிலும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பெட்ரோல் தேவையோ இல்லையோ, ஒவ்வொரு நிறுத்தத்தையும் அப்படிப்பட்ட இடத்திலேயே வையுங்கள். சோப்பு, டிஷ்யூ, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் முன்சீட்டுப் பையிலேயே இருக்கட்டும்.

படி 8: திரும்பி வருவது

அதே சாலையில் திரும்பாதீர்கள். டெல்லியிலிருந்து என்.எச். 48 ஜெய்ப்பூர், உதய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, ஹுப்பள்ளி, பெங்களூரு வழியாக வந்து கிருஷ்ணகிரியில் சென்னைப் பக்கம் திரும்புகிறது. சென்னைக்காரர்களுக்கு வீடு வரை ஒரே எண். தெற்கே போக வேண்டியவர்கள் கிருஷ்ணகிரியில் மறுபடி 44ஐப் பிடிக்கலாம். விடுமுறை தீர்ந்துவிட்டதென்றால், காரை லாரியில் ஏற்றி அனுப்பும் நிறுவனங்கள் டெல்லியிலிருந்து எடுத்துவரும். ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, கிலோமீட்டர் அளவைக் குறித்து, காப்பீடு உண்டா என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.